பூவம்மா எந்த வர்க்கம்

பூவம்மா எங்கள் கட்சிக்கு வந்தது கழிப்பறைக்காக. இதைச் சொன்னால் எங்கள் தோழர்களுக்குக் கோபம் வரும். கட்சிப் பதிவேட்டில் 'வர்க்க உணர்வு பெற்று இணைந்தார்' என்றுதான் இருக்கிறது. அப்படி எழுதியவன் நான்தான்.

கட்சியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொல்லலாமா என்று முடிவெடுக்க ஒரு கூட்டம் போடவேண்டி வரும்; அந்தக் கூட்டத்துக்கு யார் தலைமை என்று முடிவெடுக்க இன்னொன்று. இடதுசாரிக் கட்சி, சிவப்புக் கொடி, திருவொற்றியூரில் ஒரு பகுதிக் குழு. இவ்வளவு போதும். என் பெயர் ஞானதுரை. துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். குழுவில் உறுப்பினர், கூட்டக் குறிப்பு எழுதுபவனும் நானே.

பூவம்மா வியாசர்பாடியில் பிறந்தவர். அப்பா பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் மூட்டை இறக்கியவர். கணவர் பீம்ராவ் திருவொற்றியூருக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பூவம்மாவுக்கு வேலை மணலி விரைவுச் சாலை ஓரத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வரும் பெட்டிகள் அங்கே வந்து சேரும். யாராவது உள்ளே புகுந்து கூட்டி, கழுவி, காயவைத்தால்தான் மறுபடி சரக்கு ஏற்ற வெளியே போகும். அதற்குப் பன்னிரண்டு பெண்கள். எல்லாரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். மே மாத வெயிலில் நாற்பதடி இரும்புப் பெட்டிக்குள் நுழைவதைப் பற்றிப் பூவம்மா ஒரே வார்த்தையில் சொல்வார்: "இட்லி." கதவைத் திறந்ததும் வாசனையை வைத்தே உள்ளே என்ன வந்தது என்று சொல்லிவிடுவார். வெங்காயம், பதனிட்ட தோல், ரப்பர். எதுவென்று தெரியாத நெடி வந்தால் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு அவரே முதலில் போவார்.

யார்டில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அலுவலகத்தில் ஒன்று உண்டு, பூட்டு போட்டது. பெண்கள் அடுக்கிவைத்த பெட்டிகளுக்கு நடுவே போவார்கள்; அல்லது தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், பூவம்மா சாலையில் நடந்து வந்து, சாத்தாங்காட்டில் கொடி பறந்த எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தார். செயலாளர் ஆறுமுகநயினார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, இங்க பாத்ரூம் கீதா?"

"பின்னால இருக்கும்மா. தொறந்துதான் கெடக்கு, போய்ட்டு வா."

மறுநாள் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆறுமுகநயினார் சொன்னார்: "எம்மா, கட்சி பாத்ரூமுக்கு வாரீக. ஒருநா கட்சிக் கூட்டத்துக்கும் வந்தா என்ன?"

அடுத்த நாளிலிருந்து பதினோரு பேர் வரவில்லை. பூவம்மா மட்டும் கூட்டத்துக்கும் வந்தார்.

ஆறுமுகநயினார் திருநெல்வேலிக்காரர். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கடை. இருபத்திரண்டு வருடமாக அவர்தான் செயலாளர். நல்ல மனிதர், நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார் என்பதைத் தவிர வேறு குறை கிடையாது. எழுபத்தைந்து வயதானவர்கள் பொறுப்பை விட்டு விலக வேண்டும் என்று கட்சி ஒரு விதி கொண்டுவந்தபோது, அதை ஆதரித்து முக்கால் மணி நேரம் உருக்கமாகப் பேசியவர் அவர். அப்போது அவருக்கு எழுபது. ஐந்து வருடம் என்பது எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்று வியாபாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவருக்கு அடுத்து யார்? எங்களிடம் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். செங்குட்டுவன், வயது அறுபத்தொன்று, போக்குவரத்துத் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். பகலவன், ஐம்பத்தொன்பது, கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர், ராயபுரத்தில் சொந்த வீடு. இருவருக்கும் பகை வந்தது ஒரு மே தினச் சுவரொட்டியில் யார் பெயர் மேலே இருந்தது என்பதில். ஆனால் அதைக் காரணமாகச் சொல்ல முடியாதல்லவா? ஆகவே ஒரு தத்துவ வேறுபாடு கண்டுபிடிக்கப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளி பாட்டாளி வர்க்கமா, இல்லை உதிரிப் பாட்டாளியா?

பாட்டாளி என்றார் செங்குட்டுவன். உதிரி என்றார் பகலவன். நிலையான உற்பத்தி உறவு இல்லாதவர்கள், இன்றைக்கு இங்கே, நாளைக்கு வேறெங்கோ, புரட்சியின் முன்னணிப் படையாக அவர்கள் வர வாய்ப்பில்லை என்பது அவர் வாதம். இது நான்கு வருடம் நடந்தது. குறிப்பேட்டில் இதற்கே நூற்றுப்பத்துப் பக்கம் போயிருக்கிறது. நான் செங்குட்டுவன் அணி. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பகலவன் ஒருமுறை என் எழுத்துப்பிழையைக் கூட்டத்தில் சுட்டிக்காட்டிவிட்டார்.

ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் விவாதம் சூடாகிக்கொண்டிருந்தபோது பூவம்மா தேநீர் கொடுத்துக்கொண்டு வந்தார். அவரும் குழு உறுப்பினர்தான். ஆனாலும் தேநீரை அவர்தான் கொடுப்பார். யாரும் அவரைக் கொடுக்கச் சொன்னதில்லை, கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னதில்லை. டம்ளரை வைத்துவிட்டுப் பகலவனிடம் கேட்டார்:

"தோழர், ஒப்பந்தத் தொயிலாளின்னா நான்தான? என்னப் பத்தியா பேசிகினு கீறீங்க?"

"தனிப்பட்ட முறையில் உங்களைப் பற்றி அல்ல தோழர். இது வர்க்கப் பகுப்பாய்வு."

"சரி. நா இன்னான்னு இன்னிக்கு முடிவாய்டுமா? எனக்கு ரெண்டு மணி ஷிப்டு."

முடிவாகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மாநாடு நடந்தது. பதினைந்து பேர் கொண்ட புதிய குழு தேர்வானது. செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தக் குழு. செங்குட்டுவனுக்கு ஏழு கை. பகலவனுக்கு ஏழு கை. பூவம்மாவின் கை மடியில் இருந்தது.

"தோழர் பூவம்மா, நீங்க யாருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். ஆனா ரெண்டு பேரும் எங்க யார்டு பக்கம் வந்து நா பாத்ததில்ல. பாத்துட்டு சொல்றேன்."

தேர்தல் தள்ளிப்போனது. வயது கடந்துவிட்டதால் புதிய குழுவில் இல்லாத ஆறுமுகநயினார், புதிய செயலாளர் வரும்வரை 'பொறுப்புச் செயலாளர்' ஆனார். அதே நாற்காலி, அதே பேப்பர். முகத்தில் மட்டும் ஒரு தியாகக் களை கூடியிருந்தது.

அடுத்த மூன்று மாதம் பூவம்மாவுக்கு வந்த மரியாதையை நான் அதுவரை கட்சியில் பார்த்ததில்லை. கூட்டத்துக்கு வந்தால் இரண்டு பக்கமும் எழுந்து நாற்காலி போட்டார்கள். தேநீரைப் பகலவனே எடுத்துக் கொடுத்தார். அதில் பாதி சாசரில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்குட்டுவன் அரை டஜன் ஆப்பிளோடு அவர் வீட்டுக்குப் போனார். கூட நானும். வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த பீம்ராவ் எங்களையும் ஆப்பிள் பையையும் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க தோழர். இப்பதான் அந்த கோஷ்டி போவுது. ஒரு புக்கு குட்த்துட்டுப் போனாங்க. நீங்க இன்னா, பயமா?"

பகலவன் கொடுத்துவிட்டுப் போன அறுபத்து நாலு பக்க அறிக்கை தின்பண்டத் தட்டுக்கு அடியில் கிடந்தது. செங்குட்டுவன் ஆப்பிள் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பூவம்மா, நான் உன்ன மாதிரி. பேட்டையில வளந்தவன். அந்தாளு படிச்ச திமிர்ல உன்ன உதிரின்றாரு. நா உன்ன பாட்டாளின்றேன். நாலு வருசமா சொல்லிகினு கீறேன்."

"சொல்றீங்க தோழர். நாலு வருசமா நா பாட்டாளியாவே ஒண்ணுக்கு அடக்கிகினு கீறேன்."

செங்குட்டுவன் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். உள்ளே சமையலில் இருந்த மகள் சங்கமித்ரா சிரித்த சத்தம் கேட்டது.

"இன்னா செய்யணும், சொல்லு."

"அவருக்குச் சொன்னதத்தான் உங்களுக்கும் சொல்றேன். திங்கக்கெயம காலைல ஏயரைக்கு யார்டு கேட்டுக்கு வாங்க. பொம்பளைங்களுக்குக் கக்கூசு கேளுங்க. யாரு வாங்கிக் குடுக்கறீங்களோ, அவங்களுக்குக் கை தூக்கறேன். அவ்ளோதான்."

திங்கட்கிழமை இரு அணியும் வந்தன. பத்து வருடமாக எட்டிப் பார்க்காத இடத்துக்கு ஒரே காலையில் இரண்டு ஆர்ப்பாட்டம். கேட்டுக்கு வலப்பக்கம் நாங்கள், இடப்பக்கம் அவர்கள். ஒரே கொடி, ஒரே முழக்கம். ஆனால் சேர்ந்து போட்டால் யார் அணி என்று தெரியாமல் போய்விடுமாம். ஆகவே அவர்கள் 'வேண்டும்' என்று முடிக்கும்வரை காத்திருந்து நாங்கள் 'வேண்டும் வேண்டும்' என்றோம். யார்டு பெண்கள் பன்னிரண்டு பேரும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்டு மணிக்கு யார்டு மேலாளர் சாலமோன் வெளியே வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அமைதியாகவே கேட்டார்.

"கோரிக்கை என்ன சார்? யாரோட பேசணும் நான்?"

"என்னோட," என்றார் செங்குட்டுவன்.

"குழுவின் அதிகாரபூர்வ மனு என்னிடம் இருக்கிறது," என்றார் பகலவன். ஆறு பக்கம். முதல் இரண்டு பக்கம் உலகமயமாக்கல்.

"இன்னா அதிகாரபூர்வம்? யாரு குட்த்த அதிகாரம் உனக்கு?"

"ஒருமையில் பேசாதீர்கள் தோழர்."

மனுவை ஒருவர் பிடித்து இழுக்க, இன்னொருவர் விடாமல் பிடிக்க, உலகமயமாக்கல் நடுவில் கிழிந்தது. சாலமோன் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு வாங்க சார். நான் உள்ளதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

இரு அணித் தோழர்களும் இப்போது கேட்டை மறந்து ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்த ஆரம்பித்திருந்தார்கள். பழைய சுவரொட்டி விவகாரம்கூட வெளியே வந்தது. அப்போதுதான் பூவம்மா திரும்பி மற்ற பெண்களைப் பார்த்தார்.

"இவங்க முடிக்கறதுக்குள்ள நமக்கு மூத்தரப்பையே வெட்ச்சிடும். வாங்கடி, குந்துங்க."

பன்னிரண்டு பேரும் வண்டி வெளியே போகும் வழியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முழக்கம் ஏதுமில்லை. முதலில் வந்த ட்ரெய்லர் ஹாரன் அடித்தது. இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. அந்தப் பெட்டிகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சரக்கு ஏற்றிக்கொண்டு, கப்பலுக்குக் குறித்த நேரத்துக்குள் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டியவை. எந்தப் பெட்டி எந்த நேரத்துக்குள் போக வேண்டும் என்பது அவற்றைக் கழுவியவர்களுக்குத் தெரியும். எங்கள் நூற்றுப்பத்துப் பக்கத்தில் அது எங்கேயும் இல்லை.

ஒன்பதே கால் ஆனபோது, உள்ளே நுழைய வந்த வண்டிகளும் நின்று, வரிசை விரைவுச் சாலையைத் தொட்டது. சாலமோன் இம்முறை ஓடி வந்தார். எங்களைக் கடந்து நேராகப் பூவம்மாவிடம் போனார்.

"என்னம்மா இது? ஒரு மாசத்துல கட்டித் தரேன். எழுந்திருங்க."

"எயுதிக் குடு சார்."

"சொன்னா நம்பமாட்டீங்களா?"

"உன்ன நம்பறேன். உன் சீட்டுக்கு நாளைக்கு வேற ஆளு வந்தா? எயுதிக் குடு. பத்து நாளு. அதுவரிக்கும் ஆபீஸ் பாத்ரூம் சாவி எங்க கையில இருக்கணும். இப்பவே."

ஒன்பதே முக்காலுக்கு நிறுவனத்தின் தாளில் கையெழுத்தும் முத்திரையும் போட்டு வந்தது. சாவியும் வந்தது. பன்னிரண்டு பெண்களும் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். எட்டு நாளில் இரண்டு கழிப்பறை தயார்.

எங்கள் பக்கமும் வேலை மும்முரமாக நடந்தது. மறுநாள் காலையில் திருவொற்றியூர் தேரடி வரை இரண்டு சுவரொட்டி. 'தோழர் செங்குட்டுவன் தலைமையில் மகத்தான வெற்றி' ஒன்று. 'தோழர் பகலவன் வழிகாட்டுதலில் வரலாற்று வெற்றி' இன்னொன்று. எது எதன்மேல் ஒட்டப்பட்டது என்பது பற்றி அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினோம்.

பிறகு தேர்தல். கூட்டத்தை நடத்திய ஆறுமுகநயினார் தொண்டையைச் செருமினார். "எம்மா பூவம்மா, நீ கேட்டது கெடச்சிட்டு. இனி நீ ஒரு முடிவு சொன்னா நல்லது."

பூவம்மா எழுந்து நின்றார்.

"யாரு வாங்கிக் குடுக்கறாங்களோ அவங்களுக்குக் கை தூக்கறேன்னு சொன்னேன். வாங்கினது நாங்க பன்னெண்டு பேரு. அந்தப் பன்னெண்டுல இங்க கீறது நான்தான். அதனால செயலாளருக்கு நா நிக்கறேன். எனக்கு நானே கை தூக்கிக்கறேன்."

தூக்கினார்.

நாற்பது வருடக் கட்சிக் குழு அது. வியாசர்பாடியில் பிறந்தவரோ, விளக்குமாறு பிடித்தவரோ, ஒரு பெண்ணோ அந்த நாற்காலியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்றும் ஒரே ஆளாக வந்து கேட்டது யாருக்கும் பிடிக்கவில்லை. ஆறுமுகநயினார் பத்து நிமிடம் இடைவேளை விட்டார்.

பதினான்கு பேரும் மாடிப்படிக்குப் போனோம். நான்கு வருடமாக எதிரெதிர் படியில் நின்றவர்கள் ஒரே படியில் நின்றோம். பகலவன் நீட்டிய தீக்குச்சியில் செங்குட்டுவன் சிகரெட் பற்றவைத்துக்கொண்டார். உள்ளே பூவம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பத்து நிமிடம் தேவைப்படவில்லை, ஆறே போதுமாயிருந்தது.

திரும்பி வந்ததும் செங்குட்டுவன் முன்மொழிய, பகலவன் வழிமொழிய, இரண்டு தீர்மானம் வந்தது. குழுவின் அனுமதியில்லாமல் கேட்டை மறித்தது தன்னிச்சைப் போக்கு; தோழர் பூவம்மாவுக்குக் கண்டனம். இரண்டாவது, சூழ்நிலை சிக்கலாக இருப்பதால் தோழர் ஆறுமுகநயினாருக்கு வயது வரம்பில் ஒரு முறை விலக்கு; அவரே குழுவில் சேர்க்கப்பட்டுச் செயலாளராகத் தொடர்வார். கண்டனத்துக்கு விளக்கம் சொன்ன செங்குட்டுவன், ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் இன்னும் உதிரித்தன்மை இருப்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது என்றார். பகலவன் தலையாட்டினார். நான்கு வருடத் தத்துவப் பிரச்சினை அந்த நொடியில் தீர்ந்தது.

எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

குறிப்பேட்டில் 'ஏகமனதாக' என்று எழுதிக்கொண்டிருந்தேன். பூவம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது தெரியாது. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஞானதொர அண்ணே, என் கை எங்க போச்சு? நா தூக்கலியே. அத்த எயுதல?"

அடித்துவிட்டு, 'ஆதரவு பதினான்கு, எதிர்ப்பு ஒன்று' என்று எழுதினேன். "இப்ப சரி," என்றார். ஆறுமுகநயினார் பக்கம் திரும்பி, "அய்யா, நா கட்சிய வுட்டுப் போல. இந்தக் கமிட்டிய வுட்டுப் போறேன். இங்க குந்திகினு இருந்தா எனக்கு இடுப்பு வலிக்குது," என்றார். ஆறுமுகநயினார் பேப்பரை எடுத்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று பிறகுதான் கவனித்தேன்.

யார்டு விஷயம் அந்தச் சாலையோரம் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து யார்டு பெண்கள் வந்து பூவம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அதற்கு அடுத்தது. ஒரு வருடத்தில் நான்கு யார்டு. சங்கமித்ரா எழுதிக்கொடுக்க, அவர்களே ஒரு சங்கம் பதிவு செய்தார்கள். சிவப்புக் கொடியையே வைத்துக்கொண்டார்கள். அது நம் கட்சிக் கொடி போல இருக்கிறது என்று பகலவன் ஆட்சேபம் சொல்லி அனுப்பியபோது பூவம்மாவிடமிருந்து பதில் வந்தது: "செவப்பு இன்னா அவரு அப்பன் வூட்டு சொத்தா?"

எங்கள் ஒற்றுமை பதினோரு நாள் நீடித்தது. பூவம்மாவின் சங்கத்தை எப்படிக் கட்சிக்குள் கொண்டுவருவது, யார் மூலம் கொண்டுவருவது என்பதில் மறுபடி ஏழும் ஏழும் ஆனோம்.

போன மே தினத்துக்கு எங்கள் மேடையில் பேச அவரை அழைக்கலாம் என்று முடிவானது. ஐந்து நிமிடம், 'சிறப்பு விருந்தினர்.' அழைப்பிதழோடு என்னை அனுப்பினார்கள். யார்டில் ஒரு பெட்டிக்குள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். வெளியே வந்து அழைப்பிதழைப் படித்தார்.

"எனக்கு முன்னாடி யாரு பேசறது?"

"செங்குட்டுவனும் பகலவனும்."

"அப்ப என் அஞ்சு நிமிசம் மே ரெண்டாந்தேதி வரும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மே தினத்தன்று அவர்கள் எர்ணாவூரில் தனியாகக் கொடியேற்றினார்கள். அதே நேரத்தில் எங்கள் மேடையில் பகலவன் பேசிக்கொண்டிருந்தார். நான் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து இரண்டு முறை தூங்கி எழுந்தேன். சாயங்காலம் தேரடியில் பீம்ராவின் ஆட்டோவில் ஏறியபோது அவர்கள் கூட்டம் எப்படி என்று கேட்டேன்.

"செம கூட்டம் நைனா. ஆனா குந்த எடமில்ல. பாதிப் பேரு வெயில்ல நின்னுகினு இருந்தாங்க." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "உங்க கூட்டத்துல சேரெல்லாம் சும்மாதான கெடந்துச்சு? அடுத்த தபா ஒரு நூறு குடுங்களேன்."

குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை.